பொருள்: ஃபியூசலாஜ் = கூடு? (ஃபோம் போர்டு விமானக் குறிப்புக்காக)

வணக்கம்.

> ‘உடற்பகுதி’ புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஃபியூசலாஜ் என்பது இறக்கையும் வாலும் பொருந்தும் விமானத்தின் நடு உடல். பயணிகள் விமானத்தைப் பற்றி எழுத அதற்கு உடற்பகுதி போதும். மாதிரி விமானச் செய்முறை எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். “உடற்பகுதியின் பின்பகுதியின் அடிப்பகுதி” என்று ஒரு வரி வந்து நிற்கிறது. கத்தியும் கையுமாக இருப்பவர் எந்தப் பகுதியை வெட்டுவார்? ‘உடற்கூடு’ பரவாயில்லை. ஆனால் ஓரெழுத்து மாறினால் உடற்கூறு, அங்கிருந்து பிரேதப் பரிசோதனைக்கே போய்விடும்.

வெறும் ‘கூடு’ போதும் என்பது என் கட்சி. 5 மி.மீ. ஃபோம் போர்டில் (இரண்டு தாள்களுக்கு நடுவே நுரை வைத்த அட்டை) ஒரு பக்கத் தாளையும் நுரையையும் மட்டும் கீறி, மறுபக்கத் தாளைக் கீல்போல விட்டு மடித்தால், அடிப்பக்கமும் இரண்டு பக்கச்சுவர்களும் ஒரே அட்டையில் எழும்பிவிடும். குளூகன் பசை இறுகும்வரை பிடித்திருந்தால் சரி. கிடைப்பது உள்ளே வெறுமையான நீளப் பெட்டி. காசு பிடிக்கும் மோட்டார், ரேடியோ கட்டளையை வாங்கும் ரிசீவர், வால் மடல்களை அசைக்கும் சர்வோ எல்லாம் அதற்குள் குடியிருப்பவைதான். விமானம் தரையில் குத்தி மூக்கு நசுங்கினால் அவற்றை உருவி அடுத்த பெட்டியில் மாட்டிக்கொள்ளலாம். கூடுவிட்டுக் கூடு பாய்வது என்பார்களே, அதேதான்.

> விமானக்கூடு என்றால் ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கட்டடம்) என்று நினைத்துவிட மாட்டார்களா?

தனியாகப் பார்த்தால் நினைக்கலாம். ஹேங்கருக்குக் கொட்டகை இருக்கிறது. செய்முறைக்குள் ‘கூடு’ என்று மட்டும் வரும்போது குழப்பம் வராது. தவிர, முன்கூடு, பின்கூடு என்று சுலபமாகப் பிரிகிறது.

இந்தப் பின்கூடுதான் எனக்கு அவசியம் வேண்டிய சொல். எடையைக் குறைக்கும் வேலை பெரும்பாலும் அங்கேதான். ஈர்ப்புமையம் வழக்கமாக இறக்கை அகலத்தின் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) முன் கால்பங்கை ஒட்டி இருக்கும். அங்கிருந்து மூக்கு கிட்டம், வால் தூரம். வால் மூன்று மடங்கு தள்ளியிருந்தால், வாலில் ஏறும் 10 கிராமை ஈடுகட்ட மூக்கில் 30 கிராம் வைக்கவேண்டும். ஆக மொத்தம் 40 கிராம் சுமை! வால்பக்கம் பசையைத் தாராளமாகப் பிழிகிறவர்களுக்கு இது உறைப்பதில்லை. “பின்கூட்டின் உட்பக்கத் தாளை உரித்துவிடவும்” என்று இப்போது ஒரே வரியில் எழுதிவிடலாம்.

அப்புறம், ஃபார்மர். அப்படியே எழுதினால் படிக்கிறவருக்கு விவசாயிதான் நினைவுக்கு வருவார். கூட்டுக்குள் குறுக்கே நின்று உருவம் கொடுக்கும் இந்தச் சட்டத்துக்குப் படகு கட்டுவோரின் ‘வங்கு’ கச்சிதமாகப் பொருந்தும். படகில் பக்கப்பலகைக்கு உருவம் கொடுப்பதும் வங்குதான். எலிவங்கு, நாய்க்கு வரும் வங்கு என்று கேலி கிளம்பும், தெரியும். கிளம்பட்டும். பால்சா என்ற லேசான மரத்தில் செய்த கூட்டில் நீளவாக்கில் ஓடும் லாஞ்சரானுக்கு ‘நெடுஞ்சட்டம்’. இதில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

மூக்கில் மோட்டாருக்குப் பின்னால் நிற்கும் ஃபயர்வாலுக்குச் சிலர் சொன்ன ‘தீத்தடுப்புச் சுவர்’ மட்டும் வேண்டாம். பெரிய விமானத்தில் அது எஞ்சின் தீ உள்ளே வராமல் தடுக்கிறது. பேட்டரியில் பறக்கும் நம் விமானத்தில் அது மோட்டாரைத் தாங்கும் 3 மி.மீ. பிளைவுட், அவ்வளவுதான். ‘மோட்டார்ப்பலகை’ என்றே வைக்கலாம்.

உங்கள் ஊர்ப் படகுத்துறையில் வங்குக்கு வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள். குறிப்பில் இன்னும் சேர்க்கவில்லை.