ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு செடி விளக்குகள்: தாங்குமா?

நாற்றங்கால்:

வணக்கம். ஜன்னல் வெளிச்சம் போதாத ஒரு சின்ன அறையில் இரும்பு ரேக் போட்டு மிளகாய், தக்காளி நாற்றுகள் வளர்க்கிறேன். மேலே நான்கு எல்.இ.டி. பேனல்கள் தொங்குகின்றன. பெட்டியில் ‘1000 வாட்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, உள்ளே இருந்த தாளோ 110 வாட் என்கிறது. எதை வைத்துக் கணக்குப் போடுவது? தினமும் 16 மணி நேரம் எரிகின்றன. இவற்றோடு ஒரு சின்ன ஃபேன், ஒரு தண்ணீர் பம்ப். எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான். துளை போதாததால் இன்னொரு பாக்ஸ் அதிலேயே செருகியிருக்கிறது.

இன்னும் இரண்டு பேனலும், குளிருக்கு 1500 வாட் ஹீட்டரும் சேர்க்க ஆசை. இரண்டு விஷயம் உறுத்துகிறது. சாயங்காலம் தொட்டால் பிளக் சுடுகிறது, அது செருகியிருக்கும் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறது. ஈரக் கையோடு ரேக்கைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. பேனலின் மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில்தான் போட்டிருக்கிறேன்.

கொடிவீடு:

லோடு ஏறியதால்தான் சுடுகிறது. அந்த லைனுக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இருந்தால் 16 ஆக மாற்றச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

வயர்மேன்:

நாற்றங்கால், மீதியைப் படிப்பதற்கு முன் போர்டு சுவிட்சை அணைத்து, பாக்ஸைப் பிடுங்கிவிடுங்கள். பழுப்பேறிய பாக்ஸை இனி எதற்கும் பயன்படுத்த வேண்டாம். சுர்ரென்பது சின்ன விஷயம் இல்லை.

வீட்டு வயரிங்தான் என் பிழைப்பு. இந்த மாதிரி பழுப்பு வளையத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். கொடிவீடு சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். எம்.சி.பி. இருப்பது சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்ற. வயர் மெலிதாக இருக்க எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், வயர் வெந்துகொண்டிருக்கும்போதும் அது ட்ரிப் ஆகாமல் சும்மா இருக்கும்.

கணக்குக்கு வருவோம். தாளில் இருக்கும் 110 வாட்தான் நிஜம். ‘1000 வாட்’ என்பது விற்பதற்காக வைத்த பெயர். நான்கு பேனல் 440 வாட், 230 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர். ஆறு ஆனாலும் 3 ஆம்பியர் பக்கம்தான். (120 வோல்ட் வரும் நாட்டில் இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.) ஃபேனும் பம்பும் பெரிய லோடு இல்லை.

அப்படியென்றால் 2 ஆம்பியருக்கே பிளக் ஏன் சுட வேண்டும்? குற்றம் லோடில் இல்லை, லூஸ் கனெக்‌ஷனில். துளைக்குள் இருக்கும் பித்தளைத் தகடு விரிந்துபோனால் பிளக் முள்ளை இறுக்கிப் பிடிக்காது. அந்த ஓர் இடத்தில் 1 ஓம் தடை வந்தாலே, 2 ஆம்பியருக்கு 4 வாட் சூடு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அது முழுக்க ஒரு பொட்டு உலோகத்தில், மூடிய பிளாஸ்டிக்குக்குள், தினமும் 16 மணி நேரம் இறங்குகிறது. சூட்டில் தகடு இன்னும் தளரும், கறுக்கும், தடை கூடும், சூடும் கூடும். இதில் எம்.சி.பி.க்கு ஒன்றும் தெரியாது, அதைப் பொறுத்தவரை ஓடுவது வெறும் 2 ஆம்பியர். செடி விளக்கில் நான் பயப்படுவது வாட்டுக்கு இல்லை, எரியும் நேரத்துக்கும் தளர்ந்த இணைப்புக்கும்தான். சில நிமிடம் ஓடும் மிக்ஸியில் தெரியாத குறை இதில் தெரிந்துவிடும்.

அடுத்து, சுர்ர். எல்.இ.டி. டிரைவருக்குள் (பேனலுக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் பெட்டி) மின் இரைச்சலை வடிகட்ட எர்த்தோடு சேர்த்த கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றின் வழியாகக் கசியும் சிறு கரண்ட் எர்த் வயரில் போக வேண்டும். அந்த அடாப்டர் எர்த்தைத் துண்டித்துவிட்டது, அதனால் பேனலின் உலோக உடம்பில் தங்கி, சங்கிலி வழியாக ரேக்குக்கு வருகிறது. பெரும்பாலும் இதுதான் காரணம். ஆனால் பேஸ் வயரே உரசிக்கொண்டிருந்தாலும் உங்கள் கைக்கு முதலில் இப்படித்தான் தெரியலாம், வித்தியாசம் சொல்ல முடியாது. அடாப்டரைத் தூக்கி எறியுங்கள். சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகு பேனலைப் போடுங்கள்.

நான் செய்வதாக இருந்தால், டி.பி.யிலிருந்து (வீட்டின் எல்லா லைனும் பிரியும் மெயின் பெட்டி) இந்த அறைக்குத் தனி லைன் இழுப்பேன். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி., கூடவே, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கரண்ட் ஆள் மேல் பாய்ந்தால் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி.தான், எம்.சி.பி. இல்லை. அதன் டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள், டப்பென்று விழ வேண்டும். பாக்ஸுக்குள் பாக்ஸ் வேண்டாம், சுவரில் வரிசையாக சாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் மட்டும் 6.5 ஆம்பியர் இழுக்கும். அது எக்ஸ்டென்ஷனில் வரவே கூடாது, தனி பவர் சாக்கெட்.

ஸ்க்ரூவுக்கு அடியில் போகும் பல இழை வயரின் நுனியில் ஈயம் வைக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, சில மாதத்தில் ஸ்க்ரூ தானாகவே தளர்ந்திருக்கும். ஃபெரூல் (நுனியில் மாட்டும் சின்ன உலோகக் குழல்) போட்டு, கருவியால் நசுக்கி கிரிம்ப் செய்வது நல்லது. டி.பி. வேலையை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

இலைமறை:

வயர்மேன் சொன்னதோடு தண்ணீர் விஷயத்தையும் சேர்க்கிறேன், நானும் ரேக்கில்தான் வளர்க்கிறேன். உரம் கலந்த தண்ணீரில் உப்புகள் இருப்பதால் வெறும் தண்ணீரைவிட நன்றாகக் கரண்ட் கடத்தும். எனவே பிளக், டிரைவர், டைமர் எதுவும் தட்டுக்குக் கீழேயோ தரையிலோ இருக்கக் கூடாது. என் டிரைவர்களை ரேக்கிலிருந்து கழற்றி, பக்கத்துச் சுவரில் தலை உயரத்துக்கு மேல் திருகி வைத்திருக்கிறேன். சூடும் செடிப்பக்கம் வருவதில்லை.

ஒவ்வொரு கேபிளும் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, அப்புறம் மேலேறிப் பிளக்குக்குள் போக வேண்டும். கேபிள் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். பம்ப் கேபிளுக்கு இது கட்டாயம். ஸ்பிரே அடிக்கும்போது விளக்கை அணைத்துவிடுங்கள்.

நாற்றங்கால்:

அணைத்துவிட்டேன், அடாப்டரும் போயாச்சு. பாக்ஸைத் திறந்து பார்த்தேன். பழுப்புத் துளைக்குள் தகடு கறுத்து, விரல் நகத்தால் தள்ளினாலே ஆடுகிறது. எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். ஆறு பேனலையும் ஒரே டைமரில் போடலாமா? டைமரில் 16 ஆம்பியர் என்று இருக்கிறது, நமக்கு 3தானே?

வயர்மேன்:

நல்ல கேள்வி. அந்த 16 ஹீட்டர் மாதிரி லோடுக்குச் சொன்னது. எல்.இ.டி. டிரைவர் ஆன் ஆகும் நொடியில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் காலியாக இருக்கும். அது நிரம்ப, ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரம் பல பத்து ஆம்பியர் வரை பாயலாம். ஆறும் ஒரே சமயத்தில் ஆன் ஆனால் டைமருக்குள் சுவிட்ச் வேலை பார்க்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம், பிறகு விளக்கு அணையவே அணையாது. சில சமயம் எம்.சி.பி.யும் விழும். அதற்கு சி வகை எம்.சி.பி. கேளுங்கள், பி வகை சீக்கிரம் விழுந்துவிடும்.

வழி இரண்டு. டைமர் ஒரு கான்டாக்டரை (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே) இயக்கட்டும், விளக்குகளின் கரண்ட் கான்டாக்டர் வழியாகப் போகட்டும். அல்லது இரண்டு டைமர், மூன்று மூன்று பேனலாக, ஒரு நிமிட இடைவெளியில். பெரும்பாலும் டைமரின் முதுகில் எல்.இ.டி.க்கென்று தனியாக ஓர் அளவு அச்சிட்டிருப்பார்கள், 16ஐவிட ரொம்பக் குறைவாக இருக்கும். அதைப் படம் எடுத்துப் போடுங்கள், மூன்று பேனல் தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.