புதிய கைபேசிகளில் படம் பார்ப்பது: 4கே திரைக்காகக் காத்திருக்கலாமா?

மலைக்கோட்டை:
அனைவருக்கும் வணக்கம். வாரந்தோறும் திருச்சிக்கும் சென்னைக்கும் ரயிலில் போய்வருபவன் நான்; அந்த ஐந்து மணி நேரமும் படம் பார்ப்பதற்குத்தான் கைபேசியைப் பெரிதும் பயன்படுத்துகிறேன். இப்போது வைத்திருப்பதை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முழு எச்டி திரை என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி செயலியில் இரவுக் காட்சி வந்தால் போதும், நாயகனின் கறுப்புச் சட்டையும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரும் சதுரம் சதுரமாகக் கலங்கி ஒன்றாகிவிடுகின்றன. இதே திரையில் யூடியூப் பளிச்சென்று தெரிகிறது. அடுத்த சில மாதங்களில் 25,000 ரூபாய்க்குள் புதியது வாங்க எண்ணியுள்ளேன். இனி வரும் கைபேசிகளில் முழு எச்டியைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே திரை கிடைக்குமா? அதற்காகக் காத்திருப்பது சரியா?

வைகைக்கரை:
நண்பரே, உங்கள் திரையில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஓடிடி நிறுவனங்கள் படத்தைப் பூட்டி அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அந்தப் பூட்டைத் திறப்பது வைட்வைன் என்ற அமைப்பு. சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே பூட்டைத் திறக்கும் கைபேசிக்கு எல்1 என்ற தகுதி உண்டு. வெறும் மென்பொருளால் திறப்பது எல்3. எல்3 கைபேசிக்குப் பெரும்பாலான செயலிகள் 480பி அளவிலான, அதாவது உயரத்தில் 480 புள்ளிகள் மட்டுமே கொண்ட தெளிவு குறைந்த படத்தைத்தான் அனுப்பும். திரை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இதில் மாற்றம் இராது. யூடியூபின் வழக்கமான காணொளிகளுக்கு இந்தப் பூட்டு இல்லாததால்தான் அவை தெளிவாகத் தெரிகின்றன. நெட்ஃபிளிக்ஸ் செயலியின் அமைப்புகளில் பிளேபேக் விவரங்கள் என்ற பகுதிக்குள் சென்றால் வைட்வைன் நிலையும், அந்தக் கைபேசிக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தெளிவும் எழுதப்பட்டிருக்கும். முதலில் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒளியோவியன்:
4கே திரைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சோனி நிறுவனம் 2015இலேயே எக்ஸ்பீரியா இசட்5 பிரீமியம் கைபேசியில் 4கே திரையைக் கொடுத்தது. பின்னர் எக்ஸ்பீரியா 1 வரிசையிலும் பல ஆண்டுகள் தொடர்ந்த அதே நிறுவனம், 2024இல் வந்த எக்ஸ்பீரியா 1 மார்க் 6இல் அதைக் கைவிட்டது. ஒரு முழங்கைத் தொலைவில் வைத்துப் பார்க்கும் ஆறேமுக்கால் அங்குலத் திரையில் அந்த நுணுக்கத்தைக் கண் பிரித்தறிவது கடினம், மின்கலத்துக்கோ அது சுமை.

இன்று பரவலாக உள்ள 2400க்கு 1080 புள்ளித் திரையில் 16:9 என்ற அகல உயர விகிதமுள்ள படத்தை ஓட்டினால் 1920க்கு 1080 என்று அச்சுப் பிசகாமல் பொருந்தும். இருபுறமும் 240 புள்ளிகள் கறுப்பாக நிற்கும். அந்தக் கறுப்புப் பட்டை பிடிக்காமல் இரு விரலால் படத்தை விரித்து ரசிப்பவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனெனில் மேலும் கீழுமாகப் படத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெட்டுப்பட்டுவிடுகிறது. ஒளிப்பதிவாளர் எண்ணி எண்ணி அமைத்த சட்டகம் அது.

திரையில் நீங்கள் கவனிக்க வேண்டியது புதுப்பிப்பு வேகம்; திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதிதாகக் காட்டுகிறது என்பதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். திரைப்படம் என்பது நொடிக்கு 24 சட்டகம், அதாவது 24 அசையாப் படங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் அது சமமாக வகுபடாததால் ஒரு சட்டகம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுகிறது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது மரங்களும் தூண்களும் தத்தித் தத்திச் செல்வதுபோல் தெரிவது இதனால்தான். 90 ஹெர்ட்ஸிலும் இதே சிக்கல் உண்டு. 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு சட்டகமும் சரியாக ஐந்து முறை வரும். உங்கள் விலைக்குள்ளேயே 120 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி திரைகள் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் வகை) கிடைக்கின்றன. கறுப்பு உண்மையான கறுப்பாகத் தெரிய வேண்டுமானால் ஓஎல்இடியையே தேர்ந்தெடுங்கள்.

மலைக்கோட்டை:
பார்த்துவிட்டேன், ஐயா. வைட்வைன் எல்3 என்றே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டியும் 480பியில்தான் பார்த்திருக்கிறேன் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. பெட்டியில் இதை ஒரு வரி அச்சிட்டிருக்கலாம் அல்லவா? இன்னொரு ஐயம்: விழுப்புரம் தாண்டுவதற்குள் கைபேசியின் முதுகு சுட்டு, மின்கலமும் பாதியாகிவிடுகிறது. புதியவற்றில் இது குறையுமா?

வைகைக்கரை:
குறைய வாய்ப்புண்டு, ஆனால் சிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். ஏவி1 என்ற காணொளிச் சுருக்கமுறை 2018இல் வெளியானது. அதே தெளிவுக்குப் பழைய முறைகளைவிடக் குறைந்த தரவு போதும் என்பதால் யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் அதைப் பயன்படுத்துகின்றன. சிக்னல் மங்கும் ரயில் பாதையில் இது பெரிய உதவி. ஆனால் அப்படிச் சுருக்கியதை மீண்டும் படமாக மாற்றுவதற்குச் (டிகோடிங்) சிப்பில் தனிப் பகுதி இல்லையென்றால் முழு வேலையும் கைபேசியின் மூளையான மைய நுண்செயலியின் தலையில் விழும். சூடு ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஸ்னாப்டிராகன் உயர்விலைச் சிப்களில் 8 ஜென் 2 முதலும், ஐபோன்களில் 2023இல் வந்த 15 புரோ முதலும் அந்தப் பகுதி இருக்கிறது. நடுத்தர விலையில் எல்லாச் சிப்களிலும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்; சிப் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஏவி1 டிகோடிங் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கைபேசியில் உங்கள் ஓடிடி கணக்கைத் திறந்து, எல்1 என்று கண்ணால் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். வெளியே வரும்முன் கணக்கிலிருந்து வெளியேற மறந்துவிடாதீர்கள்.