ஐபிஎஸ் செல்கள் திடீரென்று வேகமாக வளர்கின்றன: நல்லதா, கெட்டதா?

குறிஞ்சி:
மனித ஐபிஎஸ் செல் லைன் (முதிர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி, எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடியதாக்கிய குருத்தணுக்கள்), 42ஆவது பாஸேஜ் (பிளேட் நிறைந்ததும் பிரித்துப் புதிய பிளேட்டுக்கு மாற்றும் சுற்று). ஐந்து நாளில் நிறைந்துகொண்டிருந்த பிளேட் இப்போது மூன்றரை நாளில் நிறைந்துவிடுகிறது. ஒற்றைச் செல்லாகப் பிரித்தால்கூட ராக் இன்ஹிபிட்டர் (பிரித்த செல் சாகாமல் காக்கும் மருந்து) இல்லாமலே பாதிக்கு மேல் பிழைத்து ஒட்டுகின்றன. காலனி பார்க்க அழகாக இருக்கிறது. குருத்தணு அடையாளங்களான ஆக்ட்4, நானாக் இரண்டும் பாசிட்டிவ். ஜி-பேண்டிங்கில் (குரோமோசோம்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) 20 செல் எண்ணி, 46,எக்ஸ்எக்ஸ், அதாவது இயல்பான பெண் குரோமோசோம் தொகுதி, என்று ரிப்போர்ட். செல்கள் வளர்ப்புக்குப் பழகிவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாமா? நரம்பு முன்னோடிச் செல்களாக மாற்றும்போது மட்டும் பேக்ஸ்6 (நரம்பு முன்னோடிகளின் அடையாளம்) பாசிட்டிவ் செல்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

செல்வளர்ப்பு:
பழக்கம் இல்லை, குறிஞ்சி, இது தேர்வு. நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் 20ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் க்யூ11.21 பகுதி பெருகியிருப்பதைத்தான் முதலில் நினைவுபடுத்துகின்றன. அங்கே பிசிஎல்2எல்1 என்ற மரபணு இருக்கிறது. அது தரும் பிசிஎல்-எக்ஸ்எல் புரதம் செல் தற்கொலையைத் தடுக்கும். பிரிக்கும்போது நல்ல செல் சாகும், இந்தப் பெருக்கம் உள்ள செல் சாகாது. நூற்றில் ஒன்றாக இருக்கும் செல்லின் பங்கு ஒவ்வொரு பாஸேஜிலும் மற்றவற்றோடு ஒப்பிட இரட்டிப்பானால், ஏழாவது பாஸேஜில் பாதி பிளேட் அதனுடையது. நரம்புப் பக்கம் திரும்பும் திறனையும் இந்த மாற்றம் கெடுக்கும். பேக்ஸ்6 குறைவதற்கு அது காரணமாக இருக்கலாம்.

ஜி-பேண்டிங்கை நம்பி உட்கார வேண்டாம். 5 மெகாபேஸுக்கு (50 லட்சம் டிஎன்ஏ எழுத்துக்கு) குறைவான பெருக்கம் அதில் தெரியாது. இது பெரும்பாலும் அதைவிடச் சிறியது. போதாததற்கு, 20 செல் எண்ணினால் 14 சதவீதத்துக்குக் கீழே உள்ள கலப்பு எளிதில் தப்பிவிடும். ஃபிஷ் (குறிப்பிட்ட டிஎன்ஏ பகுதியில் ஒளிரும் குறி ஒட்டி எண்ணும் சோதனை) செய்து 200 நியூக்ளியஸாவது எண்ணுங்கள். கியூபிசிஆர் (டிஎன்ஏவைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அளவிடும் சோதனை) மலிவுதான், ஆனால் இரண்டு பிரதி மூன்றானால் சிடி (குறி தென்படும் சுழற்சி எண்) வித்தியாசம் வெறும் 0.58 சுழற்சி. பிப்பெட் சற்றுப் பிசகினாலே அது கரைந்துவிடும், அதனால் மூன்று கிணறுகளுக்குக் குறையாமல் போடுங்கள்.

குறிஞ்சி:
நன்றி. 15ஆவது பாஸேஜில் உறையவைத்த குப்பிகள் இருக்கின்றன. அவற்றை எடுத்தால் இதே கதை திரும்பாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

செல்வளர்ப்பு:
முதலில் அந்தக் குப்பியையே ஃபிஷ்ஷில் பாருங்கள். பிறகு ஒற்றைச் செல்லாகப் பிரிப்பதை நிறுத்துங்கள். கால்சியம், மெக்னீசியம் இல்லாத பிபிஎஸ் உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவி, செல்களின் பிடிப்பைத் தளர்த்தும் ஈடிடிஏ 0.5 மில்லிமோலார் விட்டு 3 முதல் 5 நிமிடம். காலனிக்குள் செல்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு போல இடைவெளி தெரிந்ததும் ஈடிடிஏவை உறிஞ்சிவிட்டு, மீடியா ஊற்றி, 5 மில்லி பிப்பெட்டால் இரண்டு மூன்று முறை மட்டும் அலசுங்கள். கட்டிகள் 50 முதல் 200 மைக்ரான் இருக்கட்டும். நேரம் கூடினால் எல்லாம் தனித்தனிச் செல்லாகிவிடும், பழைய சிக்கல்தான். பிளேட் 70 சதவீதம் நிறைந்ததுமே பிரியுங்கள். நெரிசலில் மீடியா அமிலமாகி மஞ்சளாகும், டிஎன்ஏ சேதமும் கூடும். ஒற்றைச் செல்லாகப் பிரித்தே ஆக வேண்டியிருந்தால் ராக் இன்ஹிபிட்டரான ஒய்-27632, 10 மைக்ரோமோலார் சேர்த்து, 24 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

மஜ்ஜை:
ஒன்று விட்டுப்போனது: பி53, புற்றுநோயைத் தடுக்கும் மரபணு. 2017இல் 140 மனிதக் கருக் குருத்தணு லைன்களை வரிசைப்படுத்தியபோது 5 லைன்களில் பி53 பிறழ்வு இருந்தது, புற்றுநோய்க் கட்டிகளில் காணப்படும் அதே வகை. புள்ளிப் பிறழ்வு என்பதால் ஜி-பேண்டிங், ஃபிஷ் இரண்டுக்குமே அகப்படாது, சீக்வென்சிங்தான் வழி.

இது பிளேட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. வயதானவர்களின் எலும்பு மஜ்ஜையில் டிஎன்எம்டி3ஏ அல்லது டெட்2 மரபணுவில் பிறழ்வு கொண்ட ஒரு ரத்தக் குருத்தணு மெல்ல மற்றவற்றை ஓரங்கட்டுகிறது. எழுபது தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது உண்டு. பெரும்பாலோருக்கு ரத்தப் புற்றாக மாறுவதில்லை, ஆனாலும் அபாயம் கூடுகிறது. சிகிச்சைக்கான செல்லில் இந்தக் கவலை ஏட்டளவில் நிற்பதில்லை. ஜப்பானின் கோபேயில் 2014இல் ஐபிஎஸ்ஸிலிருந்து செய்த விழித்திரை நிறமிச் செல்லை முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இரண்டாம் நோயாளியின் ஐபிஎஸ் செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும் அவருக்குப் பொருத்தாமல் நிறுத்திவிட்டார்கள்.

42ஆவது பாஸேஜ் செல்களை மொத்தமாகக் கொட்டிவிடாதீர்கள், குறிஞ்சி. இரண்டு குப்பி உறையவைத்து, மேலே பெரிதாக "20க்யூ சந்தேகம்" என்று எழுதிவையுங்கள். ஃபிஷ்ஷில் உறுதியானால் அடுத்த பரிசோதனைகளுக்கு பாசிட்டிவ் கன்ட்ரோலாக உதவும்.