பூத்துக்குள் உங்களுக்கு நடந்தது என்ன?

சாக்பீஸ்:
2011 முதல் நாலு தேர்தலில் பூத் டியூட்டி பார்த்த ஆசிரியை நான். முதல் மேஜையில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் தொண்டை போய்விடும். வரிசை எண்ணையும் பெயரையும் கட்சி ஏஜெண்டுகள் காதில் விழும்படி உரக்கப் படிக்க வேண்டும். வந்த ஆள் யார் என்பதில் ரகசியமே கிடையாது. நாலடி தள்ளி அட்டை மறைப்புக்குப் பின்னால் போனதும்தான் ரகசியம் ஆரம்பம்.

அதை எங்கள் ஊர்ப் பாட்டிகள் ஒரே நொடியில் உடைப்பார்கள். மறைப்புக்குள் நின்றபடியே, "எய்யா, நம்ம சின்னம் எத்தனாவதுல இருக்கு?" சின்னத்தின் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். ஒரு ஏஜெண்ட் சிரிப்பார், இன்னொருவர் முகம் சுருங்கும். நாங்கள் உள்ளே போய்க் காட்டக் கூடாது. வெளியே கூப்பிட்டு, அட்டையில் செய்த மாதிரி இயந்திரத்தை வைத்து, ஏஜெண்டுகள் முன்னால் "இப்படி அழுத்தணும் பாட்டி" என்று விளக்கலாம். அவ்வளவுதான்.

2011-இல் ஒரு பையன் 49-ஓ கேட்டான், யாருக்கும் ஓட்டுப் போடவில்லை என்று பதிய வைக்கும் விதி அது. நோட்டா வந்தது 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான். அதனால் ஓட்டுப் போட விருப்பமில்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். எல்லா ஏஜெண்டுகளும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். சின்ன ஊர். தலையைத் தூக்காமலே போனான்.

மதியம்\_மூணு\_மணி:
எனக்கு நடந்தது வேறு. "உங்க ஓட்டைப் போட்டாச்சே சார்" என்றார்கள். என் விரலில் மை இல்லை. பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ஒரு கையெழுத்து, நான்கூட அவ்வளவு அழகாகப் போட மாட்டேன். "விடுங்க சார், ஒரு ஓட்டுதானே" என்றார் ஓர் ஏஜெண்ட். நான் நகரவில்லை. தலைமை அலுவலர் கையேட்டைப் புரட்டி, அப்பா பெயர், கதவு எண் எல்லாம் கேட்டு, 49-பி (49P) விதிப்படி டெண்டர் ஓட்டுக்கு, அதாவது நம் பெயரில் வேறொருவர் முன்பே போட்டுவிட்டால் நாம் போடும் ஓட்டுக்கு, சீட்டு கொடுத்தார். முத்திரை குத்தி மடித்துக் கொடுத்தேன், தனி உறைக்குள் போட்டார். அப்புறம்தான் தெரிந்தது, சாதாரண எண்ணிக்கையில் அந்த உறையைப் பிரிக்கவே மாட்டார்களாம். கள்ள ஓட்டு கணக்கில் ஏறும், என் ஓட்டு உறைக்குள் தூங்கும். நல்ல நியாயம்!

பஸ்\_ஸ்டாண்ட்:
நான் பூத் சிலிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தவன். 2019-லிருந்து அது அடையாளச் சான்று இல்லை. வீட்டுக்கு ஓடி, போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக்கைக் கொண்டுபோனேன், விட்டார்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் எந்த அட்டையும் உதவாது, அது தனிக்கதை.

நெல்லைக்காரி:
அப்பாவுக்கு அறுபதுக்கு மேல் பார்வை போனது. இயந்திரத்தில் பிரெய்லி எண் இருக்கிறது, அவருக்குப் பிரெய்லி தெரியாது. துணையாக நான் போனேன். ரகசியம் காப்பேன், இன்று வேறு யாருக்கும் துணையாகப் போகவில்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் காதோடு சொன்னது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத கட்சி. அழுத்தினேன். போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியில் அந்தச் சீட்டு ஏழு நொடி நின்றது. "சரியா விழுந்துச்சாமா?" என்றார். "விழுந்துச்சுப்பா." வீடு வரும்வரை இன்னும் இரண்டு தடவை கேட்டார்.

சாக்பீஸ்:
நெல்லைக்காரி, உங்களை மாதிரி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கும் கை நடுங்கும்.

களத்துமேடு:
ஆளுக்கு ஆள் ரகசியம் சரி, தெருவுக்கு என்ன ரகசியம்? எண்ணிக்கை பூத் வாரியாக வெளியே வருகிறது. பல பூத் ஓட்டுகளைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியை 2008-லேயே தேர்தல் ஆணையம் கேட்டது, 2015-இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. எங்கள் பூத்தில் ரெண்டே தெரு. ரிசல்ட் வந்த மறுவாரம் தண்ணீர்க் குழாய் கேட்டுப் போனோம். வார்டு புள்ளி மொபைலை எடுத்து, எங்கள் பூத் எண்ணைச் சொல்லி, ஒவ்வொரு கட்சிக்கும் எத்தனை என்று வாசித்துக் காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை.