சாம்பல் மூடிக் குழாயிலும் சர்க்கரை குறையுமா?

களப்பணி_குலசேகரம்: ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களிடம் இதய நோய், நீரிழிவு ஆபத்துக் காரணிகளை ஆய்கிறோம். ஃபுளோரைடு கலந்த சாம்பல் மூடிக் குழாயில் எடுக்கும் ரத்தம் நாகர்கோவில் ஆய்வகம் சேர 3 மணி நேரம் ஆகிறது. எச்பிஏ1சி (கடந்த 2–3 மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) உயர்ந்தவர்களுக்கும் வெறும்வயிற்றுச் சர்க்கரை குறைவாக வருகிறது. ஏன்?

சீரம்_பிளாஸ்மா: தாமதம்தான் அண்ணே. ஃபுளோரைடு தடுப்பது எனோலேஸ் நொதியை. அது சர்க்கரைச் சிதைவில் கடைசிக்கு முந்தின படி. அதனால் முதல் 1–2 மணி நேரம் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டேதான் இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5–7% வரை போகலாம். குழாயை 8–10 முறை மெல்லக் கவிழ்த்து, உடனே ஐஸ்தண்ணீரில் வையுங்கள். 30 நிமிடத்துக்குள் முகாமிலேயே சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அணுக்களிலிருந்து பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை) பிரித்துவிடுங்கள். கரண்ட் இல்லாத எஸ்டேட் என்றால் ஃபுளோரைடுடன் சிட்ரேட்டும் கலந்த குழாய் வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் சிதைவு உடனே நிற்கும்.

தராசு: எச்பிஏ1சியையும் அப்படியே நம்பவேண்டாம். இரும்புச்சத்துக் குறைவு அதைப் பொய்யாக உயர்த்தும், ஹீமோகுளோபினும் பாருங்கள்.

களப்பணி_குலசேகரம்: 8 மணி நேரப் பட்டினியை எப்படி உறுதி செய்வது?

தராசு: “சாப்பிட்டீர்களா” என்று கேட்டால் இல்லை என்பார்கள். விடியுமுன் வெட்டப் போகிறவர் கட்டன்சாயாவை (பால் இல்லாத தேநீரை) சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. சீனி போட்ட சாயா குடித்தாரா என்று தனியே கேளுங்கள். வெட்டு இல்லாத நாளில் எடுப்பதே நல்லது. வேலை முடிந்து வந்தவுடன் பார்த்தால் ரத்த அழுத்தமும் சரியாக வராது.