பிறக்கும்போது 300 எலும்புகள், வளர்ந்தபின் 206: மீதி எங்கே?

கேள்வி (வேளச்சேரி வாசகி):
சென்ற வாரம் பெசன்ட் நகர் கடற்கரையில் கையூன்றி விழுந்த என் 7 வயது மகனுக்கு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறியவில்லை என்றார்கள். ஆனால் வீட்டில் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, முன்கை எலும்பின் நுனியருகே குறுக்காக ஒரு கருங்கோடு தெரிந்தது. மணிக்கட்டில் எட்டு எலும்புகள் உண்டு என்று படித்த நினைவில் எண்ணினால், ஏழுதான் இருந்தன. பிறக்கும்போது ஏறத்தாழ 300 எலும்புகள், வளர்ந்தபின் 206 என்கிறார்களே. குறைய வேண்டிய வயதில் இவனுக்கு ஒன்று இன்னும் வரவே இல்லையா?

பதில் (எலும்பியல் மருத்துவர், கீழ்ப்பாக்கம்):
அம்மா, அந்தக் கோடு பெரும்பாலும் விரிசல் அன்று. வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்பு அடுக்கு. சுண்ணாம்புச் சத்து படிந்த எலும்பு படத்தில் வெண்மையாகத் தெரியும். குருத்தெலும்போ வெற்றிடம் போலக் கறுத்திருக்கும். அவ்வடுக்கில் செல்கள் பெருகிக்கொண்டே இருக்க, தண்டுப் பக்கம் உள்ளவை எலும்பாக மாறி வருவதால்தான் கை நீள்கிறது. பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோன், ஆண் பிள்ளைகளிடத்திலும்கூட, இத்தட்டை மூடச் செய்கிறது. கழுத்தடியிலிருந்து தோளுக்குச் செல்லும் காறை எலும்பின் உள்முனை 20 வயதைக் கடந்தே முழுமையாக இணைகிறது.

எட்டாவது எலும்பு பட்டாணி போன்றது. இப்போது குருத்தெலும்பாக இருக்கிறது, பெரும்பாலும் 9 முதல் 12 வயதுக்குள் படத்தில் தென்படும். பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் பொதுவாக ஒன்றுகூடத் தெரியாது. இவை ஒழுங்கான வரிசையில் தோன்றுவதால்தான் இடக்கைப் படத்தைக் கொண்டு எலும்பு வயதை, அதாவது எலும்புகளின் முதிர்ச்சி எந்த வயதுக்குரியது என்பதைக் கணிக்கிறோம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வளர்ச்சித் தட்டில் பட்ட அடி சில சமயம் முதல் படத்தில் தெரியாது. அவ்விடத்தை மெல்ல அழுத்தும்போது வலித்தால் மறுபடி காட்டுவதே நல்லது.

பதில் (உடற்கூறியல் ஆசிரியர், தாம்பரம்):
எண்ணிக்கை குறைவது இணைவதால்தான். எதுவும் கரைந்து போவதில்லை. முதுகின் அடியில் தனித்தனியாக இருந்த ஐந்து முள்ளெலும்புகள் ஒரே திரிக எலும்பாகின்றன. இடுப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று ஒன்றாகின்றன. எதை எலும்பென்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து, தொடக்கக் கணக்கை 270 என்று சொல்வாரும் உண்டு. பாட்டிமார் எண்ணெய் வைக்கும்போது விரலடியில் துடிக்கும் உச்சிக்குழியும், மண்டையோட்டின் தட்டுகள் இன்னும் நெருங்காத இடைவெளியே. மூளை வளர இடம் விட்டு, பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அது மூடிக்கொள்கிறது.

வேளச்சேரி வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு அந்தக் கோடு இருந்த இடத்தை மெல்ல அழுத்திப் பார்த்தேன். முகத்தைச் சுளித்துக் கையை இழுத்துக்கொண்டான். இன்று மாலையே மறுபடி அழைத்துச் செல்கிறேன்.