பார்வையற்ற மாணவிக்குத் தமிழ்க் குறிப்பு எப்படிக் கொடுப்பது?

கொட்டாஞ்சேனை ஆசிரியை:
தரம் 8இல் படிக்கும் பிள்ளைக்கு மடிக்கணினியில் என்விடிஏ (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) போட்டுக் கொடுத்தேன். என் தமிழ்க் குறிப்பில் "அம்மா"வை எழுத்தெழுத்தாகக் கேட்டால் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்கிறது. பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

வெள்ளவத்தையிலிருந்து:
டீச்சர், அது பாமினி எழுத்துரு. கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. தமிழைத் தமிழாகவே கணினியில் பதியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. அப்புறம் என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற கணினிக் குரலைத் தமிழில் வையுங்கள்.

பழைய மாணவன்:
நானும் அந்தக் குரலில்தான் படித்தேன். இயந்திரம் மாதிரி இருக்கும், பழகிவிடும். ஆனால் பிரெயிலை, அதுதான் தொட்டு வாசிக்கும் புள்ளி எழுத்தை, விட்டுவிடாதீர்கள். ல, ள, ழ பிழைகள் காதால் கேட்டு மட்டும் திருந்தாது, விரல் தொட்டுப் பழக வேண்டும்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை:
சரி, மாற்றிவிட்டேன். இன்று "அம்மா" என்றே வாசித்தது. மூன்று முறை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.